நாயுண்ணி: தோட்டத்தில் பிறந்து காட்டை நிறைத்த செடி

நாயுண்ணி வெப்பவலயத்துத் தோட்டங்களில் நன்கு அறியப்பட்ட பூஞ்செடிகளுள் ஒன்று. தாவரவியலார் அதை லன்டானா கமாரா என்பர். தமிழ்நாட்டில் அதற்கு உண்ணிச்செடி என்று பெயர், சிங்களத்தில் கந்தபான. கொழும்பின் கொள்ளுப்பிட்டி போன்ற நகர்ப்புறத்தில் அது தொட்டிச் செடியாகவோ, மதிலோரத்தில் கத்தரித்து வளர்க்கும் குற்றுச்செடியாகவோ நிற்கும். அதே செடி இலங்கையின் உடவளவையிலும் தமிழ்நாட்டின் நீலகிரியிலும் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி, யானையும் ஒதுங்கிப் போகும் பற்றையாகிறது. ஒரே பெயருக்குள் அடங்கும் இந்த இரண்டு தோற்றங்களையும் விளங்கிக்கொள்ள, அது எங்கிருந்து வந்தது, எந்த வழியாகப் பரவியது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

செடியின் அடையாளங்கள் எளியவை. இளந்தண்டு நாற்பட்டையாக இருக்கும். அதில் பின்னோக்கி வளைந்த சிறு முட்கள். இலை சொரசொரப்பானது, ஓரம் பல்வெட்டுடையது. கசக்கினால் காரமான நெடி வீசும். சிலருக்கு அது பிடிக்கும், பலருக்குப் பிடிக்காது. பூக்கள் தனித்து வருவதில்லை. இருபது முதல் நாற்பது வரையான சிறு பூக்கள் ஒரு காம்பின் நுனியில் தட்டையான கொத்தாக அமரும். கொத்தின் ஓரத்துப் பூக்கள் முதலில் விரியும், நடுவில் உள்ளவை கடைசியில். அன்று விரிந்த பூ மஞ்சள். ஓரிரு நாளில் அது செம்மஞ்சளாகி, பின் சிவப்போ இளஞ்சிவப்போ ஆகும். அதனால் ஒரே கொத்தில் நடுவே மஞ்சளும் ஓரத்தில் சிவப்புமாக வளையம் வளையமாக நிறங்கள் தெரியும். காய் பச்சை, பழுத்தால் மினுங்கும் கருநீலம். மிளகளவான அந்த உருண்டைப் பழங்கள் கொத்தாக ஒட்டியிருப்பது, நாயின் காதோரத்தில் பருத்துக் கிடக்கும் உண்ணிகளை நினைவூட்டும்.

தாயகம் என்று எதைச் சொல்வது

லன்டானா என்ற பேரினத்தில் ஏறக்குறைய 150 இனங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை அமெரிக்கக் கண்டங்களின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்தவை. சில ஆபிரிக்காவில் வளர்கின்றன. நாயுண்ணியின் நெருங்கிய உறவினங்கள் மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகிய இடங்களில் இயற்கையாகக் காணப்படுகின்றன. ஆகவே நூல்கள் பொதுவாக வெப்பமண்டல அமெரிக்காவையே அதன் தாயகமாகக் குறிக்கின்றன.

இந்த விடை சரியானதுதான், ஆனால் முழுமையானதல்ல. இலங்கையிலும் இந்தியாவிலும் பற்றையாக மண்டிக் கிடக்கும் செடியை எடுத்துக்கொண்டு மெக்சிக்கோவிலோ கரீபியத்திலோ அதே செடியைத் தேடினால், அச்சொட்டாகப் பொருந்தும் காட்டுச் செடி கிடைப்பது அரிது. பல இனங்களை ஒன்றோடொன்று கலந்து, தோட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்த கலப்பினமே அது. இதனால்தான் தாவரவியலார் பலர் லன்டானா கமாரா என்ற பெயரை ஒரு தனி இனத்தின் பெயராகக் கொள்ளாமல் ஓர் இனக் குழுமத்தின் பெயராகக் கையாளுகின்றனர். அமெரிக்கத் தாவரவியலாளர் ரொஜர் சான்டர்ஸ், உலகெங்கும் களையாகப் பரவிய வடிவத்தைத் தனிக் கலப்பினமாகக் கொண்டு 2006-இல் அதற்கு லன்டானா ஸ்ரிகோகமாரா என்று வேறு பெயரே இட்டார்.

உயிரணுக்களும் இதற்குச் சான்று தருகின்றன. நாயுண்ணியின் அடிப்படை நிறமூர்த்த எண்ணிக்கை 11. இயல்பான இரட்டைமடியில் 22 இருக்க வேண்டும். ஆனால் 33, 44, 55, 66 என்ற எண்ணிக்கைகளைக் கொண்ட செடிகளும் உள்ளன. பலமுறை கலந்து பெருகிய செடிகளில்தான் இப்படி மடங்குகள் ஏறும். இவை தம்முள்ளும் கலந்துகொள்வதால் ஒரே பற்றையில் மஞ்சள் பூ, வெள்ளை கலந்த இளஞ்சிவப்புப் பூ, செம்மஞ்சள் பூ என்று வெவ்வேறு செடிகள் பின்னிக் கிடப்பதும் உண்டு. முள் நிறைந்ததும் முள் குறைந்ததும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

இந்தக் கலப்பு தாயகத்துக்கும் பிரச்சினையாகித் திரும்பி வந்திருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் லன்டானா டிப்ரெசா என்ற குட்டையான, மஞ்சள் பூவுடைய செடி இயற்கையாக வளர்கிறது. உலகில் வேறெங்கும் அது இல்லை. தோட்டங்களிலிருந்து தப்பிய நாயுண்ணி அதனோடு கலந்து, தூய வடிவத்தை அருகச் செய்துவிட்டது. தோட்ட நாயுண்ணி தன் முன்னோர் வாழ்ந்த கண்டத்திலேயே அந்நியச் செடியாக நடந்துகொள்வதை இங்கே காணலாம்.

ஐரோப்பாவின் கண்ணாடி வீடுகள்

வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து இச்செடி ஐரோப்பாவுக்குப் போனது 17ஆம் நூற்றாண்டில். அக்காலத்தில் பிரேசிலின் வடகிழக்குக் கரை ஒல்லாந்தர் கையில் இருந்தது. அங்கிருந்து செடிகளும் விதைகளும் ஒல்லாந்துத் தோட்டங்களுக்குக் கப்பலேறின. 1732-இல் டில்லேனியஸ் வெளியிட்ட எல்தம் தோட்டத்துச் செடிகள் பற்றிய நூலில் லன்டானாக்கள் படத்தோடு இடம்பெற்றன. 1753-இல் லின்னேயஸ் லன்டானா என்ற பேரினத்தை வரையறுத்தபோது அதில் ஏழு இனங்களைச் சேர்த்தார். ஆறு அமெரிக்காவைச் சேர்ந்தவை, ஒன்று எத்தியோப்பியாவைச் சேர்ந்தது. லன்டானா என்ற சொல்லே இரவல். ஐரோப்பாவில் வளரும் வைபர்ணம் என்ற வேறொரு செடிக்கு வழங்கிய பழம்பெயரை, பூங்கொத்தின் சாயல் கருதி இதற்கு எடுத்துக்கொண்டனர்.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாயுண்ணி ஐரோப்பியச் செல்வர்களின் கண்ணாடி வீடுகளில் விரும்பி வளர்க்கப்பட்டது. குளிர்நாட்டில் அது வெளியில் பிழைக்காது. ஆகவே தொட்டியில் வைத்து உள்ளேயே பராமரிக்க வேண்டும். நிறம் மாறும் பூ, ஆண்டு முழுவதும் பூக்கும் இயல்பு, வெட்டினால் உடனே துளிர்க்கும் வேகம் ஆகிய மூன்றும் தோட்டக்காரரைக் கவர்ந்தன. வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்த இனங்கள் ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து நின்றதால் கலப்பு எளிதாயிற்று. காலப்போக்கில் 650-க்கும் மேற்பட்ட வகைப் பெயர்கள் பதிவாயின. காட்டில் ஒன்றையொன்று சந்தித்திருக்க வாய்ப்பில்லாத செடிகளின் பண்புகள் இப்படித்தான் ஒரே செடியில் வந்து கூடின. பின்னர் குடியேற்ற நாடுகளுக்குக் கப்பலேறியவை பெரும்பாலும் இந்தத் தோட்டக் கலப்பினங்களே.

கியூ வீதியிலிருந்து பேராதனைக்கு

இலங்கைக்கு நாயுண்ணி வந்த வழி அரச தாவரவியல் பூங்கா. அந்த நிறுவனத்தின் தொடக்கம் கொள்ளுப்பிட்டிக்கு மிக அருகில், இன்றைய கொம்பனித்தெருவில். 1810-களின் தொடக்கத்தில் பிரித்தானிய ஆட்சி அங்கே ஒரு தாவரவியல் தோட்டத்தை அமைத்து, இலண்டனின் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கேர் என்பவரை 1812-இல் அதன் பொறுப்பில் அமர்த்தியது. அவர் முன்னர் சீனாவில் செடி சேகரித்தவர். கெரியா என்ற பூஞ்செடி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தாழ்ந்த நிலமாகையால் அந்த இடத்தில் வெள்ளம் ஏறியது. 1813-இல் தோட்டம் களுத்துறைக்கு மாறியது. 1821-இல் அலெக்சாண்டர் மூன் அதைப் பேராதனையில் நிலைநிறுத்தினார். கொம்பனித்தெருத் தோட்டத்தின் தடயம் இன்று ஒரு பெயரில் மட்டும் எஞ்சியிருக்கிறது: அவ்வூரின் தெருவொன்று இன்றும் கியூ வீதி என்றே வழங்குகிறது.

இத்தகைய தோட்டங்களின் வேலை, அழகுக்குச் செடி வளர்ப்பதோடு நின்றுவிடவில்லை. கறுவா, கோப்பி, சிங்கோனா, இறப்பர் என்று வருவாய் தரும் பயிர்களை ஒரு குடியேற்றத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பரிசோதிக்கும் கூடங்களாகவும் அவை இயங்கின. அந்தப் பரிமாற்றத்தில் பூஞ்செடிகளும் கூடவே வந்தன. நாயுண்ணி பேராதனைப் பூங்கா வழியாக இலங்கைக்கு வந்த ஆண்டாக 1826 குறிக்கப்படுகிறது. அதாவது பூங்கா பேராதனையில் அமைந்து ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்த நேரம்.

அழகுச் செடியாகவும் வேலிச் செடியாகவும் அதைப் பலர் வாங்கி நட்டனர். முள் உண்டு, ஆடுமாடு எளிதில் மேயாது, ஒரு கொப்பை வெட்டி ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். வேலிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மலைநாட்டில் காடு வெட்டிக் கோப்பித் தோட்டங்கள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. புதிய பங்களாக்களைச் சுற்றி வேலிகள் தேவைப்பட்டன. 1869-இல் இலைத்துரு நோய் கோப்பியைத் தாக்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பித் தொழில் சரிந்து, பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. தாழ்நிலத்து உலர் வலயத்திலோ சேனைப் பயிர்ச்செய்கையால் வெட்டி எரித்துப் பின் தரிசாக விட்ட நிலங்கள் ஏராளமாக இருந்தன. வெளிச்சம் விழும், மண் கிளறப்பட்ட, பராமரிப்பற்ற இவ்வகை நிலமே நாயுண்ணிக்கு மிக உகந்தது.

பல கடல்களைக் கடந்து

இந்தியாவில் நாயுண்ணியின் முதல் பதிவு 1807. இடம் கல்கத்தாவில் இருந்த கிழக்கிந்தியக் கம்பனியின் தாவரவியல் தோட்டம். ஆனால் இந்தியா முழுவதும் உள்ள நாயுண்ணி அந்த ஒரு தோட்டத்திலிருந்து பரவியதன்று. வெவ்வேறு படைத்தளங்களுக்கும் மலைவாச நகரங்களுக்கும் வெவ்வேறு காலங்களில் தனித்தனியாக அது கொண்டுவரப்பட்டது. 2014-இல் வெளியான மரபணு ஆய்வொன்றும், இந்தியச் செடிகளின் மரபணு வேறுபாடு பலமுறை நிகழ்ந்த வருகையையே காட்டுகிறது என்று முடிவுகூறியது.

அவுஸ்திரேலியாவின் முதல் பதிவு 1841, அடிலெயிட். தென்னாபிரிக்காவுக்கும் ஹவாய்க்கும் 1858-இல் சென்றது. ஹவாயில் அதை நட்டவர் வில்லியம் ஹில்லிபிரான்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர். அவர் வீட்டுத் தோட்டமே இன்றைய பொஸ்டர் தாவரவியல் பூங்கா. சில ஆண்டுகளுக்குப் பின் அதே மருத்துவரின் முயற்சியால் இந்தியாவிலிருந்து மைனாக்கள் ஹவாய்க்குக் கொண்டுபோகப்பட்டன. பயிரைத் தின்னும் புழுக்களை அவை ஒழிக்கும் என்பது எதிர்பார்ப்பு. மைனாக்கள் புழுக்களோடு நாயுண்ணிப் பழங்களையும் தின்று, விதைகளைப் புல்வெளியெங்கும் எச்சமிட்டன.

இன்று நாயுண்ணி 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் களையாக இருக்கிறது. பூமத்திய கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் சுமார் 35 பாகை வரை அது பரவியுள்ளது. கடும் உறைபனி உள்ள இடங்களில் மட்டும் நிற்பதில்லை. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்கள் என்ற பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. அவுஸ்திரேலியா 1999-இல் அதைத் தேசிய முக்கியத்துவமுள்ள களைகளில் ஒன்றாக அறிவித்தது. அங்கு அது 40 இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் பிடித்திருக்கிறது. இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. அதன்படி 1,54,000 சதுர கிலோமீற்றர் காட்டில், அதாவது புலிகளின் வாழிடப் பரப்பில் 40 சதவீதத்துக்கும் மேல், நாயுண்ணி ஊடுருவியிருக்கிறது. இலங்கையின் மொத்தப் பரப்பளவு 65,610 சதுர கிலோமீற்றர் என்பதை நினைத்தால் அந்தப் பரப்பின் அளவு புரியும்.

பூ, பறவை, வேர், நிலம்

இந்த வேகத்துக்குக் காரணம் பல, முதலாவது பூவே. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் கீதா மாத்தூரும் எச். வை. மோகன்ராமும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில் நிறமாற்றத்தின் பயனை விளக்கினர். நாயுண்ணியின் மகரந்தத்தைக் கடத்தும் நுண்ணிய இலைப்பேன்கள் மஞ்சள் பூவையே நாடுகின்றன. மகரந்தச் சேர்க்கை முடிந்த பூ நிறம் மாறிவிடுவதால், பூச்சி வீண் அலைச்சலின்றித் தேனுள்ள பூவுக்கே போகிறது. நிறம் மாறிய பழைய பூவும் உதிராமல் இருப்பதால் கொத்து பெரிதாகத் தெரிந்து தூரத்திலிருந்தே பூச்சியை அழைக்கிறது. மனிதக் கண்ணுக்கு அழகாகத் தெரியும் அந்த வளைய நிறங்கள் செடிக்குத் தொழில் ஒழுங்கு. வண்ணத்துப்பூச்சிகள் விரும்பி மொய்ப்பதும் இதே கொத்தைத்தான்.

இரண்டாவது பழம். நன்கு வளர்ந்த ஒரு செடி ஆண்டில் 12,000 வரை பழங்கள் தரும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. பழத்தின் உள்ளே ஒரு கெட்டிக் கொட்டை. கொண்டைக்குருவி, மைனா போன்ற பறவைகள் பழத்தை விழுங்கிச் சற்றுத் தள்ளி ஒரு கொப்பிலோ கம்பியிலோ அமர்ந்து எச்சமிடும். மின்கம்பிக்குக் கீழும், வேலியின் நீளத்துக்கும், தனிமரத்தின் அடியிலும் நாயுண்ணி வரிசையாக முளைப்பது இதனால்தான். யாரும் நடாமலே வேலிகள் தோன்றின.

மூன்றாவது வேரும் அடித்தண்டும். மேலே தறித்தால் அடியிலிருந்து பல தளிர்கள் கிளம்பும். ஒரு தண்டு நின்ற இடத்தில் ஐந்தாறு தண்டுகள் நிற்கும். நிலத்தில் படிந்த கொப்பும் வேர்விடும். எரித்தாலும் அடிக்கட்டை பிழைத்துக்கொள்ளும். தோட்டக்காரருக்கு வரமாக இருந்த அதே துளிர்க்கும் வலிமை, காட்டுக் காவலருக்குச் சுமையாகிறது.

நான்காவது நிலம். அடர்ந்த காட்டின் நிழலில் நாயுண்ணி செழிப்பதில்லை. மரம் வெட்டிய இடம், பாதையோரம், கைவிட்ட வயல், அளவுக்கு மீறி மேய்ந்த புல்வெளி ஆகியவைதான் அதன் வாசல்கள். ஆகவே அதன் பரவலைக் காட்டும் வரைபடம் மனிதர் நிலத்தைக் குலைத்த வரலாற்றையும் சேர்த்துக் காட்டும்.

கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலை இதற்கு நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு. அங்குள்ள சோலிகர் பழங்குடியினர் ஆண்டின் தொடக்கத்தில் காட்டுத் தரையில் சிறு தீ மூட்டிக் காய்ந்த சருகை எரிப்பது வழக்கம். அந்தத் தீ மெல்ல ஓடி, முளைத்தெழும் சிறு செடிகளைக் கருக்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்த பின் அவ்வழக்கம் தடைப்பட்டது. 1997-இல் ஆய்வுக்கு எடுத்த நிலத்துண்டுகளில் 41 சதவீதத்தில் இருந்த நாயுண்ணி, 2008-இல் 81 சதவீதத்தில் இருந்தது. இப்போது தீப்பிடித்தால் அது முன்போல் தரையோடு ஓடும் தீயாக இருப்பதில்லை. காய்ந்த நாயுண்ணித் தண்டுகளைப் பற்றி மரங்களின் உச்சி வரை ஏறுகிறது. தீ முடிந்த வெறுமையில் மீண்டும் முதலில் துளிர்ப்பதும் நாயுண்ணியே. தீயும் நாயுண்ணியும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழற்சி இது என்று அங்கு ஆய்வு செய்தவர்கள் கருதுகின்றனர்.

மேய்ச்சலும் யானையும்

நாயுண்ணியின் இலையில் லன்டடீன் எனப்படும் நச்சுப் பொருள்கள் உள்ளன. பசியெடுத்த மாடு அதைத் தின்றால் ஈரல் பாதிக்கப்படும். பித்தம் வெளியேறாமல் மஞ்சள் காமாலை வரும். வெயில் பட்ட இடங்களில், குறிப்பாக மூக்கிலும் காதிலும், தோல் வெந்து உரியும். ஊரில் பிறந்து வளர்ந்த மாடுகள் பொதுவாக அதைத் தொடுவதில்லை. வேறிடத்திலிருந்து கொண்டுவந்த மாடுகளும், வறட்சியில் வேறு தீனி இல்லாத மாடுகளும்தான் பெரும்பாலும் இதற்குப் பலியாகின்றன.

உடவளவை தேசிய பூங்கா இலங்கையில் இந்தப் பிரச்சினை கண்கூடாகத் தெரியும் இடம். நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள 30,821 ஹெக்டேயர் நிலம் 1972-இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதில் கணிசமான பகுதி முன்பு சேனை நிலமாக இருந்தது. மக்கள் வெளியேறிய பின், விட்டுப்போன சேனைகளில் புல்லும் பற்றையும் ஏறின. பற்றையில் பெரும்பங்கு நாயுண்ணி. யானையின் முதன்மை உணவு புல். நாயுண்ணி அடர்ந்தால் அதன் அடியில் புல் முளைக்காது. பூங்காவின் எல்லைக்குள் நிலம் குறையவில்லை, ஆனால் யானை மேயக்கூடிய நிலம் குறைகிறது. உள்ளே தீனி குறைந்தால் வேலிக்கு அப்பால் உள்ள கரும்பும் வாழையும் யானையை இழுக்கும். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் தன்னார்வலர்களோடும் இயந்திரங்களோடும் அவ்வப்போது நாயுண்ணியை வேரோடு அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலையைச் செய்கிறது. அகற்றிய நிலத்தைத் தொடர்ந்து கவனிக்காவிட்டால் சில மழைக்காலங்களில் பற்றை திரும்பிவிடும்.

பூச்சியை ஏவிய போர்

ஒரு செடியை அதன் எதிரிப் பூச்சியைக் கொண்டு அடக்கும் முறையில் இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் முன்னோடி இடம் உண்டு. 1795-இல் சாயம் தரும் பூச்சி என்று தவறாக நினைத்துப் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஒரு செதிற்பூச்சி, சாயம் தராமல் சப்பாத்திக் கள்ளியைத் தின்று அழித்தது. அதைக் கண்டு 1830-களில் தென்னிந்தியாவிலும், 1865-ஐ ஒட்டி இலங்கையிலும் அந்தப் பூச்சியைக் கள்ளிக்கு எதிராக விட்டனர். களையை ஒழிக்க ஒரு பூச்சியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வேண்டுமென்றே கொண்டுபோன முதல் நிகழ்வு இந்த இலங்கை முயற்சியே. பூச்சியின் அறிவியற் பெயரில் சிலோன் என்ற சொல் இன்றும் ஒட்டியிருக்கிறது.

கள்ளியில் பலித்தது நாயுண்ணியில் பலிக்கவில்லை. 1902-இல் அல்பர்ட் கெபெலே என்ற பூச்சியியலாளர் மெக்சிக்கோவில் நாயுண்ணியைத் தின்னும் பூச்சிகளைச் சேகரித்து ஹவாய்க்கு அனுப்பினார். 23 வகைகளில் எட்டு அங்கே நிலைத்தன; வறண்ட பகுதிகளில் ஓரளவு பயன் கிடைத்தது. இந்தியாவில் வை. இராமச்சந்திர ராவ் 1916 முதல் 1919 வரை இந்தியாவிலும் பர்மாவிலும் அலைந்து, நாயுண்ணியை நாடும் 148 வகைப் பூச்சிகளைப் பதிவு செய்தார். செடியை அடக்கும் திறன் அவற்றுள் எதற்கும் இல்லை. 1941-இல் அவுஸ்திரேலியாவிலிருந்து டெலியோனீமியா என்ற இலைச்சாறு உறிஞ்சும் பூச்சி டேராடூனுக்கு வந்தது. சோதனையில் அது தேக்கம்பூவையும் தின்னக் கண்டு, வளர்த்த பூச்சிகளை அழிக்க முடிவுசெய்தனர். ஆனால் சில தப்பிவிட்டன. பின்னர் அவை பல மாநிலங்களில் பரவின. தேக்குக்குப் பெருங்கேடு வரவில்லை, நாயுண்ணியும் ஒழியவில்லை.

உலகெங்கும் இதுவரை சுமார் 40 வகை எதிரிகள் விடப்பட்டிருக்கின்றன. எங்கும் முழு வெற்றி கிட்டாததற்குக் காரணம், கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட தாயகச் சிக்கலே. ஒரு பூச்சி தன் தாயகத்தில் ஒரு குறிப்பிட்ட இனத்தோடு நெடுங்காலம் இணைந்து வளர்ந்தது. அந்த இனத்தின் இலையும் சாறுமே அதற்குப் பழக்கம். கலப்பினமான நாயுண்ணி அந்தப் பழக்கத்துக்கு முழுதாகப் பொருந்துவதில்லை. ஒரு நிறப்பூ வகையைத் தின்னும் பூச்சி பக்கத்தில் நிற்கும் வேறு நிற வகையைத் தொடாமல் போவதும் பதிவாகியுள்ளது. கள்ளி ஓர் இனம். நாயுண்ணி ஒரு கூட்டம்.

கையால் அகற்றும் முறைகளில் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபு குழுவினர் வகுத்தது எளியது. மேலே தறிப்பதை விட்டு, மண்ணுக்குச் சற்றுக் கீழே, தளிர்விடும் பகுதிக்கு அடியில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக் காயவிடுவது. மண் பெரிதும் கிளறப்படாததால் புதிய விதைகள் முளைக்க இடம் குறைவு. அதே இடத்தில் உடனே புல்லும் நாட்டு மரக்கன்றுகளும் வைக்க வேண்டும். கார்பெட் புலிகள் காப்பகத்தில் இம்முறை பயன் தந்தது. ஆனால் பரப்பு பெரிதானால் செலவும் பெரிதாகும். அவுஸ்திரேலியா, இந்தியா, தென்னாபிரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் இருநூறு ஆண்டு அனுபவத்தை ஒப்பிட்டு 2012-இல் வெளியான ஆய்வு, முற்றாக ஒழிப்பது இனி இயலாது, முக்கியமான இடங்களைத் தெரிந்து காப்பதே வழி என்று கூறியது.

தண்டிலிருந்து யானை

ஒழிக்க முடியாத செடிக்குப் பயன் தேடும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. நாயுண்ணித் தண்டைக் கொதிக்கவைத்துத் தோல் உரித்தால் வளைந்து கொடுக்கும். கறையான் எளிதில் அரிக்காது. கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலையில் சோலிகர்கள் பிரம்புக்கு மாற்றாக அதில் நாற்காலியும் கூடையும் முடைகின்றனர். நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினர் உள்ளிட்ட கைவினைஞர்கள் அதே தண்டில் ஆளுயரத்திலும் அதற்கு மேலும் யானைகளை வடித்தனர். மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழ்வதைப் பொருளாகக் கொண்டு அந்த யானைகள் 2021-இல் இலண்டன் அரச பூங்காக்களில் காட்சிக்கு நின்றன. காட்டில் யானையின் தீனியைப் பறித்த செடி அங்கே யானையின் தோலாயிற்று. தமிழ்நாடு அரசும் 2022-இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி வாழிடத்தை மீட்கத் தனிக் கொள்கை வகுத்தது. இவ்வகைப் பயன்பாடுகள் சில குடும்பங்களுக்கு வருவாய் தருகின்றன. பற்றையின் மொத்தப் பரப்போடு ஒப்பிட்டால் அகற்றப்படும் அளவு சிறிதே.

மீண்டும் தோட்டத்துக்கு

இத்தனைக்கும் பின் நாயுண்ணி பூக்கன்று விற்பனை நிலையங்களிலிருந்து மறையவில்லை. வெயிலும் உப்புக்காற்றும் அடிக்கும் கடலோர நகரில், தண்ணீர் குறைந்தாலும் வாடாமல் ஆண்டு முழுவதும் பூக்கும் செடிகள் அதிகமில்லை. இன்று நிலவனப்புக்கு விற்கப்படுபவை பெரும்பாலும் குட்டையான, முள் குறைந்த தோட்ட வகைகள். அவற்றோடு ஊதாப் பூப் பூத்துத் தரையில் படரும் லன்டானா மொண்டிவிடென்சிஸ் என்ற தனி இனமும் விற்பனையில் உள்ளது. அதன் தாயகம் தென் அமெரிக்காவின் தென்பகுதி, பெயரில் இருப்பது உருகுவே நாட்டுத் தலைநகர் மொண்டிவிடியோ.

தோட்ட வகை என்பதால் மட்டும் ஒரு செடி பாதுகாப்பானதாகிவிடாது. பழம் பிடிக்கிறதா என்பதுதான் முதற் கேள்வி. கொத்து உதிர்ந்த காம்பில் பச்சைக் காய்கள் திரண்டால், அந்தச் செடியின் விதை பறவை வழியாக மதிலைத் தாண்டும். காயே பிடிக்காத வகையாயிருந்தால் இரண்டாவது கேள்வி எழும்: அதன் மகரந்தம் வளமுள்ளதா? வளமுள்ள மகரந்தம் அருகில் நிற்கும் காட்டு நாயுண்ணியோடு கலந்து புதிய வடிவங்களை உண்டாக்கும். புளோரிடாப் பல்கலைக்கழகம் இந்த இரண்டு வழிகளையும் அடைக்க முயன்று, விதையும் வளமான மகரந்தமும் ஏறக்குறைய இல்லாத மலட்டு வகைகளை உருவாக்கி விற்பனைக்கு விட்டது. விற்பனைச் சீட்டில் வகையின் பெயர் இல்லாத இடத்தில், பூத்து முடிந்த கொத்துகளைக் காய்க்குமுன் கத்தரித்துவிடுவதே வீட்டுத் தோட்டக்காரர் செய்யக்கூடிய காப்பு.

மாற்றும் உண்டு. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இயற்கையாக வளரும் வெட்சி, சிவந்த கொத்துப் பூவும் அடர்ந்த இலையும் கொண்டது. கத்தரித்தால் ஒழுங்கான வேலியாகும், தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் அதைத் தேடி வரும். நாயுண்ணி இங்கு வந்து இரு நூற்றாண்டு ஆகும் நிலையில், வெட்சி இதே மண்ணிலிருந்து புறப்பட்டு உலகின் வெப்பவலயத் தோட்டங்களில் எல்லாம் வேலிச் செடியாக நிற்கிறது. வெள்ளைப் பூக் கொத்துடைய பாவட்டையும் இந்த மண்ணில் இயற்கையாக வளரும் குற்றுச்செடி. அதையும் அதே இடத்தில் நடலாம்.